ஒரு கல்கூட இல்லாத மேடு

அந்த போர்டைப் பார்க்காதீர்கள் சார். இப்படித் திரும்பி உட்காருங்கள், இந்தப் பக்கம்தான் காற்று வரும். பஞ்சர்தான், வேறொன்றும் இல்லை. ஸ்டெப்னி டயரைப் போன வாரம் ஒட்டக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க மறந்துவிட்டான் நம் டிரைவர். அதை வாங்கிவரத்தான் மெயின் ரோட்டுக்குப் போயிருக்கிறான். வந்துவிடுவான். வண்டி சரிவில் நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். பின்சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷமாக இந்த வேனுக்கு அந்தக் கல்தான். ஒரு அங்குலம் நகராது.

மறுபடியும் போர்டையே பார்க்கிறீர்கள். சரி, படித்துவிட்டீர்கள். 'கற்கால அருங்காட்சியகம் அமையவிருக்கும் இடம், 800 மீட்டர்.' மேலே இரண்டு முறை வெள்ளை அடித்தேன். மழை பெய்தால் எழுத்து வெளியே வந்துவிடுகிறது. பெயிண்டர் நல்ல பெயிண்டாகப் போட்டுவிட்டான்.

அருங்காட்சியகம் எங்கே என்று கேட்காதீர்கள். இல்லை. வரவில்லை. வராததற்குக் காரணம் நான் இல்லை சார். அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகிழ்வனம் நகருக்கு இந்தத் தேசப்பன் செய்ததை எவனும் செய்திருக்க மாட்டான்.

நான் இங்கே வெறும் சைட் மேனேஜர் இல்லை. இந்த லேஅவுட்டில் இருபத்து மூன்றாம் நம்பர் பிளாட் என்னுடையது. மேலே போனதும் காட்டுகிறேன், அங்கே இருக்கிற ஒரே வீடு அதுதான். இரண்டு ரூம், சமையல்கட்டு, பின்னால் ஒரு முருங்கை. எல்லாம் இருக்கிறது. என் சம்சாரம் கன்னியம்மா மட்டும் இல்லை. திருத்தணியில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சண்டை எல்லாம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். காலை எட்டு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். முழங்கால் வலி வேறு. மெயின் ரோட்டிலிருந்து நம் சைட் இரண்டு கிலோமீட்டர் மேடு. கிரகப்பிரவேசத்தன்று இவ்வளவு தூரமும் நடந்து வந்தாள். வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்.

"வீடு நல்லாத்தான் கீது. பஸ்ஸு வந்தா சொல்லு, நானு வரேன்."

அவ்வளவுதான். மூன்று வருஷம் ஆகிறது.

பஸ்ஸுக்கு நான் மனு கொடுக்காத இடம் இல்லை. டிப்போவில் சொன்னார்கள், ஆள் குடிவரட்டும், பஸ் விடுகிறோம் என்று. ஆட்களிடம் கேட்டால், பஸ் வரட்டும், குடிவருகிறோம் என்கிறார்கள். நீங்களே வேனில் ஏறியதும் முதல் கேள்வியாக அதைத்தானே கேட்டீர்கள்? நான் அப்போது ஜன்னலைத் திறந்துவிட்டேன். கேள்வி காதில் விழாமல் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் தை மாதம் ஒரு கடிதம் வந்தது. பக்கத்துக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். நம் மேட்டில் எப்போதோ சுற்றிப் பார்த்திருக்கிறார். இந்த இடத்தில் லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஆதிமனிதர்கள் வாழ்ந்த தடயம் இருக்கலாம், மீதி இடத்தை வீட்டுமனையாக்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். நம் இரண்டாவது பகுதிக்கு அப்ரூவல் வரவேண்டிய நேரம். தொல்லியல் துறையினர் வந்து ஆறு சோதனைக் குழி போட்டுப் பார்ப்பார்கள், அதன் பிறகுதான் கையெழுத்து என்று அந்தக் கடிதத்தில் இருந்தது.

எங்கள் முதலாளி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சரிந்துவிட்டார். நான்தான் தைரியம் சொன்னேன். சார், நான் இந்தத் தொழிலில் பத்தொன்பது வருஷம். ஒரு விஷயம் எனக்குத் தெரியும். யார் வந்தாலும், வங்கிக்காரர் வந்தாலும், ரிஜிஸ்திரார் வந்தாலும், வாங்குகிறவர் வந்தாலும், சைட் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு முள், ஒரு கல், ஒரு கோரை கண்ணில் படக்கூடாது. சுண்ணாம்புக் கோடு நேராக இருக்க வேண்டும். பார்க்கிற கண்ணுக்குத்தான் சார் விலை.

ஆகவே ஜேசிபி வைத்தேன். இரண்டு நாள்.

நம் மேடு இருந்த கோலத்தை நீங்கள் பார்த்ததில்லை. மேலே ஒன்றரை அடிக்குச் செம்மண்ணும் கல்லும் கலந்து கிடக்கும். அதற்குக் கீழே வெறும் களிமண். அந்த ஒன்றரை அடியில் இருந்த கல் இருக்கிறதே, அப்படி ஒரு கல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆற்றுக் கூழாங்கல் என்றால் உருண்டையாக இருக்க வேண்டுமல்லவா? இது ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் கூர். வெற்றிலை மாதிரி ஒன்று, பாதாம் கொட்டை மாதிரி ஒன்று. இரண்டு பக்கமும் கொத்திக் கொத்தி எடுத்தது போல இருக்கும். வேலைவெட்டி இல்லாத எவனோ உட்கார்ந்து செய்த மாதிரி. காலில் குத்தும். வாங்க வந்த ஒரு அம்மாவின் செருப்பே ஒருமுறை கிழிந்துவிட்டது.

எல்லாவற்றையும் வழித்து எடுத்தேன். பதினான்கு டிராக்டர். நுழைவாயிலில் ஆர்ச் வருகிறதே, அதன் அஸ்திவாரத்துக்கு நான்கு டிராக்டர் போனது. மீதி எல்லாம் உள்ளே போகிற ரோட்டுக்கு அடியில். அதனால்தான் சொல்கிறேன், நம் லேஅவுட் ரோடு ஆயுசுக்கும் பெயராது. வழித்த இடத்தில் ஏரிமண் கொட்டிச் சமப்படுத்தினேன். கன்னத்தில் கை வைத்துப் படுக்கலாம், அவ்வளவு வழவழப்பு.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நீங்கள் நம் ஆள், சொல்கிறேன். கனிமவளத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வண்டி கிராவல் மண் நகர்த்தினாலும் அபராதம் போடுவார்கள். நமக்குச் சீட்டு இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜேசிபி போக முடியாத ஒரே இடம் என் ஆபீஸ் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. வேப்பமரமும் கொட்டகையும் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கட்டில் போடுகிற அளவு இடம். அது மட்டும் பழையபடியே கிடந்தது. எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது, சரி, கொட்டகை மறைக்கும் என்று விட்டேன்.

அந்த வாரம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் முனிரத்தினம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, தெற்கே ஏதோ ஓர் ஊரில் மண்ணுக்கு அடியில் பானைகள் கிடைத்ததாகவும், உடனே அங்கே மியூசியம் கட்டி விட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி எனக்கென்ன என்று டீயைக் குடித்தேன். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது.

"மியூசியம் வந்துச்சு, பின்னாலயே பஸ்ஸும் வந்துடுச்சு தேசப்பா. ஒரு நாளைக்குப் பன்னண்டு ட்ரிப்பு."

பன்னிரண்டு ட்ரிப். சார், எனக்குக் கன்னியம்மா பஸ்ஸை விட்டு இறங்குவதே கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கையில் கூடை. இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் வைத்து.

அன்றைக்கே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் கிடைக்காமல் இருப்பதைவிட ஏதாவது கிடைப்பது நமக்கு நல்லது என்று. அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் மியூசியத்துக்குப் பக்கத்து பிளாட் என்றால் என்ன விலை போகும் என்று அவரே கணக்குப் போட்டார். சாயந்திரத்துக்குள் இரண்டாவது பகுதிக்கு 'ஆதிமனிதன் அவென்யூ' என்று பெயர் வைத்துவிட்டார். பெயிண்டரை வரவழைத்து இந்த போர்டை எழுதச் சொன்னதும் அவர்தான். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "என்ன வேணா செய் தேசப்பா. எனக்குத் தெரியக் கூடாது."

பொங்கல் முடிந்து குயவர் தெருவில் விற்காத பானைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். பதினொன்று வாங்கினேன். சும்மா புதைத்துவிட நான் என்ன விவரம் இல்லாதவனா? புளித்தண்ணீரில் ஊறப் போட்டேன். சாணிப் புகையில் கருக்கினேன். இரண்டை நானே பார்த்து, அழகாக உடைத்தேன். வேனில் ஏற்றும்போது உடையாமலிருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் காகிதம் சுருட்டி வைத்து, புதைக்கும் முன்னால் ஞாபகமாக எடுத்தேன். பத்துப் பானையில் எடுத்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கே புதைப்பது? ஏரிமண் கொட்டிய இடத்தில் புதைத்தால் புது மண் காட்டிக்கொடுத்துவிடும். பழைய மண் இருந்தது ஒரே இடத்தில்தான். கொட்டகைக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேனில் வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நானே கடப்பாரை எடுத்துத் தோண்டினேன்.

அந்த இடத்தில் கல் எப்படி இருந்தது என்கிறீர்கள்! கொட்டிக் கிடந்தது என்று சொல்ல முடியாது. பரப்பி வைத்தது போல இருந்தது. நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் காலியாக இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பெரிய கல். அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சில்லுகள், ஆயிரக்கணக்கில். நம் ஊரில் தையல்காரர் துணி வெட்டிவிட்டு, கூட்டாமல் கடையைச் சாத்திக்கொண்டு போனால் தரை எப்படிக் கிடக்கும், அப்படி. பக்கத்தில் அந்த வெற்றிலைக் கல் ஏழெட்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து. எவனோ ஒருவன் குப்பையை இப்படிப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறானே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. சில்லுகளைக் கூடச் சலித்து எடுத்தேன் சார். ஒன்று விடவில்லை. எல்லாவற்றையும் ஆர்ச்சுக்குத் தோண்டிய பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்து, பானைகளை அடுக்கி, மண் தள்ளி, மிதித்து, மேலே காய்ந்த வேப்பிலை தூவினேன். கையைக் கழுவிக்கொண்டு போய் வந்தவர்களுக்கு மோர் ஊற்றினேன்.

பங்குனியில் அதிகாரி வந்தார். நப்பின்னை என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். தொப்பி, தோளில் பை, கூட இரண்டு உதவியாளர்கள். நான் ஆர்ச்சிலிருந்து தோரணம் கட்டி, இளநீர் வெட்டி வைத்திருந்தேன். அந்த அம்மாள் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்தார். ஒரு வாய் குடித்திருந்தால் கேளுங்கள். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்க மேல கிடந்த கல்லெல்லாம் எங்க?"

இதுதான் சார் அவர் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை. வணக்கம்கூட இல்லை. எனக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. கனிமவளத்துறை! அவர்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் உட்காருகிறவர்கள்தானே? பானையைத் தேடுகிறேன் என்று வந்து, கிராவல் எத்தனை வண்டி போனது என்று வாயைக் கிளறுகிறார். நானா மாட்டுவேன்?

"என்ன கல்லு மேடம்? நம்ம சைட்டுல ஒரு கல்லு பார்க்க முடியாது" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார்.

முளை அடித்தார்கள், நூல் கட்டினார்கள். கரண்டியால் மண்ணைச் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டி, சல்லடையில் சலித்து, ஒரு குழிக்கு ஒரு நாள். ஐந்து குழியிலும் மேலே ஏரிமண், கீழே களிமண். ஏரிமண்ணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சீப்பு வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் சாயந்திரமும் அந்த அம்மாள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து களிமண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கே பாவமாகிவிட்டது. ஐந்தாம் நாள் மெதுவாகப் போய், கொட்டகைக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, அது மட்டும் யார் கையும் படாத மண் என்றேன்.

சார், அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேகமாக வந்து, குனிந்து, வேப்பமரத்து வேரோரம் இருந்த செம்மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். உதவியாளர்களைக் கூப்பிட்டு, ஆறாவது குழி இங்கே என்றார். என் தோளைத் தட்டாத குறை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இளநீர் குடித்தார்.

மறுநாள் முதல் பானை வந்தது. நான் நாலடி தள்ளி, ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறேன். இரண்டாவது, மூன்றாவது. அந்த அம்மாள் சந்தோஷப்படவில்லை. ஒவ்வொரு பானைக்கும் முகம் இன்னும் கொஞ்சம் இறுகுகிறது. எட்டாவது பானையைக் கவிழ்த்தார். உள்ளே புளித்தண்ணீரில் ஒட்டிப்போய் ஒரு காகிதம். அதை இடுக்கியால் மெதுவாக, கிழியாமல் பிரித்தார். தரையில் விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, போட்டோ எடுத்தார். அப்புறம் சத்தமாகப் படித்தார்.

"மகிழ்வனம் நகர். இலவச வேன் வசதி, மதிய உணவு உண்டு. தொடர்புக்கு, தேசப்பன்."

போட்டோவும் இருந்தது சார். கூலிங் கிளாஸ் போட்டு நான் நிற்கிற படம்.

உதவியாளர்கள் இருவரும் சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார், இங்கே இருந்தவர்கள் பானை செய்யத் தெரியாதவர்கள் என்று. எனக்குச் சுருக்கென்றது. பானை இல்லாமல் சோறு எதில் ஆக்கினார்களாம்? நம் ஜனங்களைப் பற்றி ஒரு அதிகாரி இப்படிப் பேசலாமா? ஆனாலும் குற்றம் என் பக்கம், பொறுத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டார்.

"பானையை வைக்கத் தோண்டினீங்களே, அப்ப இதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். வெறும் கல்லு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல் என்று வாய் விட்டுவிட்டேனே! அவர் குழிக்குள்ளேயே இருந்தார். "எங்க போட்டீங்க? சொல்லுங்க, உங்க மேல எந்தக் கேஸும் வராது. நாங்க தேடி வந்ததே அந்தக் கல்லைத்தான்" என்றார்.

பாருங்கள் சார், எப்படி வலை விரிக்கிறார்! கேஸ் வராது என்று எப்போது சொல்வார்கள்? கேஸ் போடுவதற்கு முன்னால்தான் சொல்வார்கள். ஆர்ச் என்று சொன்னால் ஆர்ச்சை இடிப்பார்கள், ரோட்டைத் தோண்டுவார்கள். முதலாளிக்குப் போன் போட்டேன். கல்லைப் பற்றிக் கேட்கிறாளா, வாயைத் திறக்காதே என்றார். நான் அந்த அம்மாளிடம் வந்து, மேட்டுக்குக் கீழே இருக்கிற ஆற்றில் கொட்டிவிட்டோம் என்றேன். எந்த இடத்தில் என்றார். அந்த ஒற்றைப் பனைமரம் தெரிகிறதே, அதற்கு நேராக என்று சும்மா கையைக் காட்டினேன்.

போனார் சார். இரண்டு நாள். படித்த பெண், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த வெயிலில் ஆற்றுப் படுகையில் கல் பொறுக்கினார். ஒவ்வொரு கல்லாக எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், கீழே வைப்பார். எறியக்கூட மாட்டார், வைப்பார். மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அரசாங்கச் சம்பளம் எப்படி வீணாகிறது பாருங்கள். ஆனால் நான் மனுஷன் சார். இரண்டு நாளும் மோர் கொடுத்தனுப்பினேன்.

புறப்படும்போது ஜீப்பில் ஏறிவிட்டு இறங்கி வந்தார். "தேசப்பன், ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருந்தாப் போதும். இருந்த இடத்துல, இருந்த மாதிரியே ஒண்ணு. மியூசியம் வேணும்னு நானே எழுதியிருப்பேன்" என்றார்.

ஒன்று! நான் பதினொன்று வைத்திருந்தேன்.

சோதனைக் குழிகளில் தொல்லெச்சம் எதுவும் இல்லை, வீட்டுமனைக்கு ஆட்சேபணை இல்லை என்று அறிக்கை வந்தது. அதன் கீழே, நிலத்தின் மேற்பரப்பு முழுவதும் ஏற்கெனவே அகற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரி. பாராட்டாகத்தான் இருக்கும். எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன்! அப்ரூவல் கிடைத்தது. முதலாளி ஆதிமனிதன் அவென்யூவை 'செகண்ட் பேஸ்' என்று மாற்றிவிட்டார். இதில் நஷ்டம் யாருக்கு? எனக்கு. அரசாங்கம் ஒரு நாளாவது என் கஷ்டத்தை நினைத்துப் பார்த்ததா? ஒத்தாசை செய்தவனுக்கு ஒரு பஸ் கிடையாதா?

கன்னியம்மா வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். சாப்பிட்டாயா என்பாள், முருங்கை காய்த்ததா என்பாள், கடைசியில் பஸ் வந்துச்சா என்பாள். போன மாதத்திலிருந்து கடைசிக் கேள்வியைக் கேட்பதில்லை. முருங்கையோடு நிறுத்திக்கொள்கிறாள். நானாகச் சொல்லலாம் என்று பார்த்தால், சொல்ல ஒன்றும் இல்லை.

அதோ டிரைவர் வந்துவிட்டான். பத்து நிமிஷம், டயர் மாட்டிவிடுவான். கீழே இறங்கி நில்லுங்கள் சார்.

ஆயிற்று. ஏறிக்கொள்ளலாம். ஒரு உதவி, அந்தச் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற கல்லை எடுத்துவிடுங்கள். ஓரத்தைப் பார்த்து எடுங்கள், கையை அறுத்துவிடும். ஆமாம், அந்தக் குழியில் கிடந்ததுதான். இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வண்டிக்கும் ஆகும், பூஜைக்குத் தேங்காய் உடைக்கவும் ஆகும். உருண்டைப் பக்கத்தைப் பிடியுங்கள். பார்த்தீர்களா? கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம், நாலு விரலுக்கு ஒரு வளைவு. யாருக்கும் சரியாக இருக்கும் சார். எனக்கும் அப்படித்தான் இருக்கும். டிரைவருக்கும் அப்படித்தான் இருக்கும். பிடித்தால் விட மனசு வராது.

ஏன் சார் அப்படியே நின்றுவிட்டீர்கள்? உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? அந்த அம்மாள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இப்படித்தான் இருந்தது. வெயிலாக இருக்கும். தண்ணீர் குடியுங்கள். கல்லைக் கொடுங்கள், சீட்டுக்கு அடியில் போட்டுவிடுகிறேன். இறங்கும்போது மறுபடியும் வேண்டும்.

கொடுங்கள் சார்.

வாருங்கள், மேலே போகலாம். சைட்டைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள். தேடினாலும் ஒரு கல் கிடைக்காது.